கட்டை அடுக்கும் பிள்ளை என்ன படிக்கிறது?

வவுனியாவில் முன்பள்ளித் தாய்மார் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மிஸ், மாசாமாசம் காசு கட்டி அனுப்புறது கட்டை அடுக்கி விளையாடவா? பிள்ளைக்கு இன்னும் ‘அ’ எழுதத் தெரியேல்ல."

கேட்பவர்களில் பலர் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களில் சிறுமிகளாக இருந்தவர்களும் இன்று இந்தத் தாய்மாரிடையே இருக்கிறார்கள். தங்களுக்குத் தவறிப்போன படிப்பு பிள்ளைக்கும் தவறிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம். ஆனால் கட்டை அடுக்குவதும் படிப்புத்தான்.

சின்னக் கட்டையின் மேல் பெரியதை வைத்தால் சரியும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாலு தரம் விழுந்தபின் ஐந்தாம் தரம் பிள்ளை பெரியதை அடியில் வைக்கிறது. பாரம், அளவு, சமநிலை எல்லாம் கைவழியே மூளைக்குப் போகின்றன. இரண்டு குட்டைக் கட்டைகள் ஒரு நீளக் கட்டைக்குச் சமமென்று கண்டுகொண்ட பிள்ளைக்கு, பின்னர் பாடசாலையில் அரைவாசி, கால்வாசி என்ற கணக்கு புதிதாக இராது. ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரை 1840 இல் ஜேர்மனியில் சூட்டிய பிரெட்ரிக் புரோபல், எட்டுச் சிறு சதுரக் கட்டைகள் சேர்ந்து ஒரு பெரிய கட்டையாகும் விளையாட்டுப் பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்.

பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களும் இதில்தான் பலம் பெறுகின்றன. அதற்கு முன் கையைப் பிடித்து எழுத வைத்ததால் கொப்பியைக் கண்டாலே அழும் பிள்ளைகளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை வயதளவில் மூன்று நான்கு கட்டைகள், இரண்டு வயதளவில் ஆறேழு, மூன்று வயதளவில் இரண்டு கட்டைகளுக்கு மேல் ஒன்றை வைத்துப் பாலம். இது பொதுவான கணக்கு, முன்பின் ஆகலாம். மூன்று வயதாகியும் இரண்டு கட்டைகளை நிறுத்த முடியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கோபுரம் சரியும்போது ஓடிப்போய் நிமிர்த்தாதீர்கள். பெரிய இழப்புகளைக் கண்ட எங்களுக்குப் பிள்ளையின் கண்ணில் ஒரு துளி நீரையும் பார்க்கப் பொறுக்காது. ஆயினும் கொஞ்சம் பொறுத்திருங்கள். அழுது முடித்த பிள்ளை தானே மறுபடி அடுக்கத் தொடங்கும். பக்கத்தில் இருந்து கதையுங்கள்: "இப்ப எதை அடியில வைக்கப் போறாய்?" மேல், கீழ், நடு, பக்கம் என்ற சொற்கள் அப்படித்தான் வாயில் ஏறுகின்றன. சில பிள்ளைகள் கட்டியதை வேண்டுமென்றே தட்டி விழுத்துவார்கள். அதைக் குழப்படி என்று அடிக்க வேண்டாம். தன் கையால் என்ன நடக்கிறதென்று பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான்.

கடைக் கட்டைகளுக்குக் காசு தேட வேண்டியதில்லை. தளபாடப் பட்டறையில் கழித்துவிட்ட மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, விளிம்புகளைத் தேய்த்து மழுக்குங்கள். ஆணியோ பழைய பெயின்ற்றோ உள்ள துண்டு வேண்டாம். வாய்க்குள் போகாத அளவாக இருக்கட்டும். சவர்க்காரப் பெட்டிக்குள் பழைய பத்திரிகையை இறுக்கி அடைத்து ஒட்டினாலும் நல்ல கட்டைதான். ஆனால் பற்றைக்குள்ளோ வெறும் காணிகளிலோ கிடக்கும் பொருட்களைப் பொறுக்கி வரப் பிள்ளைகளை விடாதீர்கள். போர் நடந்த எங்கள் நிலத்தில் வெடிக்காத பொருட்கள் மண்ணுக்குள் இருக்கக்கூடும். அப்படி ஏதாவது கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ உடனே அறிவியுங்கள்.