பீரோச் சாவியும் கொடிக்கயிறும்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பல ஊராட்சிப் பள்ளிகளில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் இரும்பு பீரோதான். சாவி அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் புத்தகங்கள் வெளியே வந்து, ஸ்டாக் ரிஜிஸ்டரோடு சரிபார்க்கப்பட்டு, மறுபடி உள்ளே போகும். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்று தொலைந்தாலும் கணக்கு இடிக்கும், கைக்காசு போகும். பிள்ளை கைக்குப் போனால் புத்தகம் கிழியும். கிழியாமல் காப்பாற்றினார்கள்.

அதனால் வாசகர்கள் பீரோவுக்கு வெளியே, சிறுவர் இதழ்களில் உருவானார்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, 1972இல் வந்த கோகுலம், அதே ஆண்டு இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், பின்னால் வாண்டுமாமாவின் பூந்தளிர். ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே படிக்கும். அட்டை போய், கடைசிப் பக்கமும் போய், முடிவே இல்லாத கதையாகக் கைக்கு வந்தாலும் அதற்கும் அடிபிடிதான். “பாடத்தைப் படிக்காம என்னடா கதப்புஸ்தகம்?” என்று திட்டு விழும். திட்டுக்குப் பயந்து கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததில் ருசி கூடியது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பழம்பெருமை பேசும்போது ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறோம். அதெல்லாம் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்குத்தான். நாலு வயதுக்கு என்ன இருந்தது? பாட்டி சொன்ன கதை, அழ. வள்ளியப்பாவின் பாட்டு. இரண்டும் காதுக்கு. பெரிய படமும் ஒற்றை வரியுமாக, மடியில் வைத்துப் புரட்ட ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அபூர்வம். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் சோவியத் படப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன. 1991இல் அந்த நாட்டோடு அவையும் போயின.

அந்தக் குறை இன்று பெரிதும் தீர்ந்துவிட்டது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், பிரதம் புக்ஸ் என்று சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள் நிறைய வருகின்றன. பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் காசே வேண்டாம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் மெல்லிய கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்திருக்கிறது. தடுமாறும் பிள்ளை நுழையிலிருந்து தொடங்கலாம். வகுப்பறையில் கொடிக்கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்கவிடும் பள்ளிகளும் உண்டு. எட்டிப் பறித்துக்கொள்ளலாம். பூட்டு ஏது?

ஆனால் ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்கும் போய்விடவில்லை, வீட்டுக்குள் குடிவந்துவிட்டார். “எத்தனை புத்தகம் முடிச்சே? கதைச் சுருக்கம் எழுது.” முன்பு ஒளித்துப் படித்ததை இப்போது வீட்டுப்பாடமாக்கிப் பிள்ளையைத் துரத்துகிறோம். கூடவே, பாட்டி வேறு ஊரில் இருக்கிறார், அப்பா கையில் செல்பேசி இருக்கிறது. புத்தகம் இருக்கிறது, அதைப் புரட்டிக் காட்ட மடி கிடைப்பதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஆசிரியர் தானே குரல் மாற்றி வாசிக்கும் வகுப்புகளில் நிலைமை வேறு. கதையில் கரடி குகைக்குள் போகும் இடத்தில் சட்டென்று மூடிவைத்துவிட வேண்டும். சுருக்கம் கேட்கக் கூடாது. மறுநாள் கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரும்: “டீச்சர், கரடி என்னாச்சு?”