படிப்புக்குப் பின் செய்த வேலை: கனடா பி.ஆர். கணக்கை ஒர்க்ஷீட்டில் போடுவோம்

கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி என்று நம் கரிசல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இங்கே பொறியியல் முடித்து, மேல்படிப்புக்குக் கனடா செல்கிறார்கள். அவர்களுடன் வீடியோவில் பேசுவதற்காகவே வீட்டில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோரும் உண்டு. பேசி முடித்ததும் அதை மூடி, மேலே ஒரு துணியைப் போட்டுவிடுகிறார்கள். அதே கம்ப்யூட்டரில் பிள்ளைக்கு உதவியாக ஒரு கணக்கைப் போட்டு வைக்கலாம். படிப்பு முடிந்தபின் செய்த வேலையில் எத்தனை மணி நேரம் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது பி.ஆர்.க்குச் சேரும் என்ற கணக்கு அது. பார்க்க எளிது. ஆனால் இதில் நான்கு வாரம் தவறினால் விண்ணப்பமே திரும்பி வரலாம்.

முதலில் விதியைப் பார்ப்போம். கனடாவில் வேலை செய்த அனுபவத்தை வைத்து பி.ஆர். கேட்கும் வழிக்குக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்று பெயர். சுருக்கமாக சி.இ.சி. இது 2008 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். 2013 ஜனவரியில் அதை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். 2015 ஜனவரியில் இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற ஆன்லைன் முறையில் இதற்கான விண்ணப்பங்கள் வாங்கப்படுகின்றன.

"ஒரு வருடம்" என்றால் காலண்டரில் 365 நாளை எண்ணிவிட்டால் போதாது. வாரத்திற்கு 30 மணி நேரம் வீதம் 52 வாரங்கள், ஆக 1,560 மணி நேரம் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இது முடிந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் இடைவெளி விழலாம், நிறுவனம் மாறலாம், ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளும் பார்க்கலாம். வாரம் 15 மணி நேரம் வீதம் 24 மாதம் செய்தாலும் ஏற்பார்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. வாரத்தில் 30 மணிக்கு மேல் செய்த நேரம் கணக்கில் வராது. ஒரு மாணவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். 39 வாரத்தில் 1,560 மணி ஆகிவிடுகிறது. "ஒன்பது மாதத்தில் முடித்துவிட்டேன்" என்று அவர் நினைத்தால் அது தவறு. மானாவாரி விவசாயம் செய்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகைக்குச் சேர்த்து ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தால் பருத்திக்கு என்ன லாபம்? ஓடியது போக மண் குடித்ததுதான் கணக்கு.

அடுத்து, எந்த நாளில் இருந்து எண்ணுவது? முழு நேர மாணவராக இருந்தபோது செய்த வேலை சி.இ.சி.யில் சேராது. படிப்பின் பகுதியாகச் செய்த கோ-ஆப் வேலையும் சேராது. கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை (2024 நவம்பரில் வந்த வரம்பு) அனுமதியோடு செய்த வேலையும் சேராது. அதே நிறுவனத்தில், அதே நாற்காலியில் தொடர்ந்து இருந்தாலும் படிப்பு முடிந்த பிறகுதான் கணக்கு தொடங்கும். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்த நாளைப் பார்க்க வேண்டாம். படிப்பு முடிந்தது என்று கல்லூரி எழுத்தில் தரும் கடிதத்தின் தேதியைப் பாருங்கள்.

அந்தக் கடிதம் வந்த 180 நாட்களுக்குள் போஸ்ட் கிராஜுவேஷன் ஒர்க் பர்மிட் என்ற வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு அனுமதி காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்து, மாணவராக வெளியே வேலை செய்யும் தகுதியும் இருந்திருந்தால், முடிவு வரும் வரை காத்திராமல் முழு நேர வேலையைத் தொடங்கலாம். காத்திருக்கும் அந்த வாரங்களும் அனுமதி பெற்ற வேலையே. கணக்கில் சேரும். கடிதம் வந்தபின் விண்ணப்பிக்காமலேயே முழு நேர வேலைக்குப் போனால் அது அனுமதியில்லாத வேலை. கணக்கில் சேராததோடு வேறு சிக்கலையும் கொண்டு வரும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த அனுமதி வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். இரண்டு வருடப் படிப்பு என்றால் மூன்று வருடம் வரை தருவார்கள். மாஸ்டர்ஸ் பட்டம் என்றால், 2024 பிப்ரவரி 15 முதல், படிப்பு இரண்டு வருடத்திற்குக் குறைவாக இருந்தாலும் மூன்று வருடம் உண்டு. ஆனால் ஒரு வருட டிப்ளமோ படித்தவருக்கு அனுமதியும் ஒரு வருடம்தான். வேண்டிய அனுபவமும் ஒரு வருடம், அனுமதியும் ஒரு வருடம். வேலை தேட இரண்டு மாதம் போனால் அந்த இரண்டு மாதத்தைத் திரும்பப் பிடிக்க இடமில்லை. விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் வேலை செய்திருந்தால் அதுதான் அவருக்குக் கையிருப்பு. குறுகிய படிப்பில் சேரும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பட்டம் அல்லாத படிப்புகளுக்கு எந்தப் பாடப்பிரிவு என்ற நிபந்தனையும் 2024 நவம்பர் முதல் வந்திருக்கிறது. பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியானால் அனுமதியும் அந்தத் தேதி வரைதான் தருவார்கள்.

இனி எந்த வேலை சேரும் என்று பார்ப்போம். கனடா அரசு எல்லா வேலைகளுக்கும் எண் கொடுத்து டியர் 0 முதல் 5 வரை பிரித்திருக்கிறது. 2022 நவம்பர் 16 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இந்தப் பிரிவுதான் பயன்படுகிறது. இதில் 0, 1, 2, 3 மட்டுமே சி.இ.சி.க்குச் சேரும். சாப்ட்வேர் டெவலப்பர் டியர் 1. உணவகத்தில் சமையல்காரர் டியர் 3, எனவே அவருக்கும் சேரும். அதே உணவகத்தில் கவுன்டரில் நிற்பவர் டியர் 5, கடையில் விற்பனையாளர் டியர் 4. இவை சேராது. நியமன ஆணையில் என்ன பதவிப் பெயர் போட்டிருந்தாலும், செய்த வேலை அந்த எண்ணுக்கு உரிய விளக்கத்தோடு பொருந்துகிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். சொந்தத் தொழிலும் பொதுவாகச் சேராது. வீட்டிலிருந்து செய்த வேலை என்றால், ஆள் கனடாவில் இருந்து, கனடா நிறுவனத்திற்குச் செய்திருக்க வேண்டும். டொரன்டோவில் அறை எடுத்துத் தங்கி சென்னை கம்பெனிக்கு லேப்டாப்பில் செய்த வேலை இதில் வராது. போவதற்கு முன் சென்னையில் செய்த வேலை வீண் இல்லை. அதற்குத் தனியாகப் புள்ளிகள் உண்டு, இந்த 1,560-ல் மட்டும் கலக்கக் கூடாது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுண்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான்.

புதிய ஒர்க்ஷீட்டில் முதல் வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ: வாரத் தொடக்கம். பி: வேலை செய்த மணி. சி: சேருமா. டி: கணக்கில் வரும் மணி. ஈ: மொத்தம். எப்: குறிப்பு.

ஏ2 செல்லில் தேதியைக் கொடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 05/12 என்று அடித்தால் நம் ஊர் அமைப்பில் அது டிசம்பர் 5. அமெரிக்க முறையில் அமைந்த கம்ப்யூட்டரில் அதுவே மே 12. ஏழு மாத வித்தியாசம்! எனவே 2025-05-12 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் கொடுங்கள். எந்த அமைப்பிலும் குழப்பம் வராது. என்டர் தட்டியதும் தேதி செல்லின் வலது ஓரமாக நின்றால் புரோகிராம் அதைத் தேதியாக எடுத்துக் கொண்டது என்று பொருள். இடது ஓரமாக நின்றால் வெறும் எழுத்தாக நினைக்கிறது. மீண்டும் அடியுங்கள். தேதிக் கணக்கில் பிழை வந்தால் சாப்ட்வேர் எழுதும் நாங்களே மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

ஏ3 செல்லில் சமக்குறி போட்டு ஏ2+7 என்று கொடுங்கள். அடுத்த வாரத் தேதி வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வாரங்களும் நிரம்பிவிடும்.

பி-யில் அந்த வாரம் செய்த மணி நேரம். சி-யில் வேலை சேருமென்றால் 1, சேராதென்றால் 0. டி2-ல் சமக்குறி, பிறகு எம், ஐ, என் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் பி2, கமா, 30, அடைப்புக்குறியை மூடி நட்சத்திரக்குறி, சி2 என்று வரிசையாக அடியுங்கள். இரண்டு எண்களில் சிறியதை எடுப்பதுதான் இந்த மின் பங்ஷனின் வேலை. 40 மணி கொடுத்தால் 30 என எடுக்கும், 22 கொடுத்தால் 22. அதை 0-ஆல் பெருக்கினால் எதுவும் சேராது. ஈ2-ல் சமக்குறி டி2. ஈ3-ல் சமக்குறி ஈ2+டி3. டி2, ஈ3 இரண்டையும் கீழே இழுத்துவிடுங்கள்.

ஒரு உதாரணம். கல்லூரிக் கடிதத்தின் தேதி 2025 மே 2. மே 7 அன்று வேலை அனுமதிக்கு விண்ணப்பம். மே 12 திங்கள்கிழமை முழு நேர வேலை. வாரம் 40 மணி நேரம். பி-யில் எல்லா வாரத்திற்கும் 40 கொடுத்துப் பாருங்கள். 53-ஆவது வரிசையில் 1,560 வரும். அந்த வாரம் முடிவது 2026 மே 10.

இப்போது அவர் பொங்கலுக்கு ஊருக்கு ஐந்து வாரம் வந்து போனார் என்று வைத்துக் கொள்வோம். அதில் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை. வருடத்தில் இரண்டு வாரம் போல நியாயமான அளவு சம்பள விடுமுறையைக் கனடா அதிகாரிகள் வேலை நாளாகவே ஏற்கிறார்கள். மீதி மூன்று வாரம் சம்பளமில்லாத விடுப்பு. அந்த மூன்று வரிசையிலும் பி-யில் 0 கொடுங்கள். 1,560 இப்போது 56-ஆவது வரிசைக்கு இறங்கிவிடும். முடிவது மே 31. மே 11-ஆம் தேதியே "ஒரு வருடம் ஆச்சு" என்று அவர் விண்ணப்பித்திருந்தால் மூன்று வாரம் குறைந்திருக்கும்.

மூன்று வாரம்தானே என்று அதிகாரி விட மாட்டார். அனுபவம் குறைந்தால் நிராகரிப்பு. புள்ளிகளிலும் இதே கதைதான். துணைவர் இல்லாமல் விண்ணப்பிப்பவருக்குக் கனடா அனுபவம் ஒரு வருடம் என்றால் 40 புள்ளி, இரண்டு வருடம் என்றால் 53. இரண்டாவது வருடம் நிறையும் முன்பே 53 என்று எடுத்து, அதனால் அழைப்பு வந்திருந்தால், பின்னால் ஆவணங்களைப் பார்க்கும்போது அந்த அழைப்பே செல்லாமல் போகலாம். தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் தடை வரும். சேராத வேலையை மறைப்பதும் தவறு. படிக்கும்போது செய்த பகுதி நேர வேலையை வேறு ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். கடந்த பத்து ஆண்டு விவரங்களைக் கேட்கும் பகுதியில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.

1,560 நிறைந்தால் பி.ஆர். உறுதி என்றும் நினைக்க வேண்டாம். அது வரிசையில் நிற்பதற்கான டிக்கெட். மொழித் தேர்வு, வயது, படிப்பு எல்லாம் சேர்ந்து வரும் புள்ளியை வைத்துத்தான் அழைப்பு வரும். 2025 மார்ச் 25-ல் வேலை உத்தரவாதத்திற்கான புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். விதிகள் இப்படி மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் கனடா அரசின் இணைய தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஷீட் பயன்படாது. அங்கே படிப்புக்குப் பின் வேலை செய்யும் காலத்தை இப்படி எண்ணி கிரீன் கார்டு தரும் வழி இல்லை.

அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது தேடி ஓடாமல் இருக்க, ஷீட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் சாட்சி இருக்கட்டும். சம்பளச் சீட்டு, டி4 வரிப் படிவம், பதவி, வேலைகள், தேதிகள், வார மணி நேரம், சம்பளம் எல்லாம் குறிப்பிட்ட நிறுவனக் கடிதம் ஆகியவற்றை ஒரு போல்டரில் போடுங்கள். நிறுவனம் மாறும்போதே அந்தக் கடிதத்தை வாங்கிவிடச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் மேனேஜரே மாறியிருப்பார். பைலின் பெயரையும் தேதியில் தொடங்குங்கள். "2025-05-07 விண்ணப்ப ரசீது" என்று வைத்தால் போல்டரைத் திறந்ததும் எல்லாம் கால வரிசையில் நிற்கும். இணைய தளத்தில் ஏற்றும் பைல் ஒவ்வொன்றும் 4 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது வண்ணம் தேவையில்லாத தாள்களுக்கு கிரே ஸ்கேல், 200 டி.பி.ஐ. தேர்ந்தெடுத்தால் போதும், எழுத்து தெளிவாகவே இருக்கும். போல்டரின் ஒரு நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று பிள்ளையிடம். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் இதில் எங்கும் எழுத வேண்டாம், அது பிள்ளையிடமே இருக்கட்டும்.