கையெழுத்தோடு ஒரு நகல்

முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பகுதியை மட்டும் கையில் கொடுப்பது, கேரளத் தனியார் பள்ளிகளில் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த 1958 கேரளக் கல்விச் சட்டம் அரசு உதவி பெறும் எய்டட் பள்ளிகளில் அதற்கு முடிவு கட்டியது. எய்டட் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் நேராக அரசிடமிருந்து வருகிறது. கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் மேனேஜர் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. சஸ்பென்ஷன்கூட 15 நாளைத் தாண்ட வேண்டுமானால் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

கொச்சி அருகே கும்பளங்கியில் எய்டட் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இவ்வளவும் உண்டு. அன்எய்டட் பள்ளியில் சேர்ந்தவருக்கு இல்லை. அது பலருக்கு வேலை போகிற அன்றுதான் தெரிகிறது.

லேபர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். கோவாவில் கன்னியர் சபை நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்து 1975-இல் வேலையிழந்த ஏ. சுந்தராம்பாள் அதற்குத்தான் முயன்றார். 1988-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பதில்: பள்ளி ஒரு தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழில் தகராறு சட்டம் சொல்லும் 'தொழிலாளி' அல்ல, கற்பித்தல் உன்னதப் பணி. புகழ்ந்தே கையை விரித்த தீர்ப்பு இது என்றுதான் எனக்குப் படுகிறது. பள்ளியின் கிளார்க், பஸ் டிரைவர், ஆயா ஆகியோருக்கு அந்த வழி திறந்தே இருந்தது. இப்போது அவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம காரியங்களில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. பள்ளிகள் பெரும்பாலும் டிரஸ்ட், சொசைட்டி பெயரில் நடப்பவை. நிர்வாகத்தின் வக்கீல் முதலில் எடுக்கும் வாதம் இதுவாகத்தான் இருக்கும்.

ஹைகோர்ட்டில் ரிட் போடுவதும் எளிதல்ல. வெறும் வேலை ஒப்பந்தத் தகராறுக்குத் தனியார் பள்ளி மீது ரிட் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் கூறிவிட்டது. மிச்சம் இருப்பது சிவில் கோர்ட். அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஏறக்குறைய முழு வழக்கும். ஆகவே கையெழுத்துப் போட்ட கையோடு நகல் வாங்குங்கள். நகல் தர மறுக்கும் பள்ளி வேறு எதையெல்லாம் மறுக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். புரொபேஷன் எத்தனை மாதம், நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒன்றுதானா, ஏப்ரல், மே மாதச் சம்பளம் உண்டா என்று பாருங்கள். ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடியும் பத்து மாத ஒப்பந்தமாக இருந்தால், ஆண்டுதோறும் புதிதாகச் சேர்ந்தவராகவே வைத்திருப்பார்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒப்படைக்கச் சொன்னால் மறுக்கலாம். பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கி, ஹைகோர்ட் வக்கீல் என்று சிலருக்கு மட்டும் தருகிறது. பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் பாண்ட் வேறு விஷயம். எல்லா பாண்டும் செல்லாது என்று நம்பிவிட வேண்டாம். 2025-இல் விஜயா வங்கி வழக்கில் 2 லட்சம் ரூபாய் பாண்ட் செல்லும் என்றே தீர்ப்பானது. ஆனால் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்புதான், நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரும்.

சங்கம்? 'தொழிலாளி' இல்லை என்ற தீர்ப்பு, சங்கத்தில் சேராதே என்று சொல்லவில்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு முதன்மையாகக் கட்டுப்படுத்துவது அரசைத்தான் என்பதால், தனியார் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தே தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சங்கம் தருவது வேறு: ஒரு வக்கீல், ஒருவரைத் தனியாகக் குறிவைக்க முடியாத கூட்டு மனு. கொச்சி மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் ஒரு நாள் வேலைக்காக வீசி எறியப்பட்ட சாப்பா டோக்கனுக்கு முட்டிமோதியவர்கள். அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்கமில்லாமல் அந்த டோக்கன் ஒழிந்திருக்காது.

பண விஷயத்தில் ஆசிரியருக்குச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 20 பேராவது வேலை செய்யும் பள்ளியில் பி.எஃப். கட்டாயம். கேரளம் 2020-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் விரித்தது. 26 வாரம் வரை சம்பளத்துடன் விடுப்பு. கிராஜுவிட்டி ஆசிரியருக்கு இல்லை என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2009 திருத்தம் அதை மாற்றி, 1997 ஏப்ரல் 3 முதலே உண்டு என்றது. பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கு 2022 ஆகஸ்டில் தோற்றது. பொதுவாக ஐந்து ஆண்டு சர்வீஸ் இருந்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். பள்ளி தராவிட்டால் லேபர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். நியமன உத்தரவு, சேலரி ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வேலையை விடுவதற்கு முன்பே சேர்த்துவையுங்கள்.