சூரியகாந்தி எண்ணெயும் சகப்பிணைப்பும்

தென்காசி மாவட்டத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களுக்குப் பெயர் பெற்ற ஊர். குற்றாலத்தில் சாரல் பொழியும் பருவத்தில் சூரியகாந்தி மலர்களால் அவ்வயல்கள் மஞ்சள் நிறம் பூண்டு விளங்கும். சூரியகாந்தி விதையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் மார்கழிக் குளிரிலும் உறைவதில்லை; அதே சமையலறையில் உள்ள தேங்காய் எண்ணெயோ உறைந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை வேதிப்பிணைப்புக் கொள்கைகளைக் கொண்டு அறியலாம்.

அணுக்கள் எலக்ட்ரான் இணைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதால் பிணைப்பு உருவாகிறது என 1916இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் விளக்கினார். இதனையே சகப்பிணைப்பு என்கிறோம். கார்பன் அணுவின் இணைதிறன் கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. அது நான்கு இணைகளைப் பங்கிட்டு எண்ம நிலையை அடைகிறது. இரு கார்பன் அணுக்கள் ஓர் இணையைப் பங்கிட்டால் ஒற்றைப் பிணைப்பும், இரண்டு இணைகளைப் பங்கிட்டால் இரட்டைப் பிணைப்பும் உருவாகும்.

ஆனால் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 348 கிலோஜூல். இரட்டைப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 614 கிலோஜூல். இது முன்னதன் இருமடங்கைவிடக் குறைவு. எனவே இரண்டாம் இணை முதல் இணையைப் போன்றதன்று. இவ்வேறுபாட்டை லூயிஸ் புள்ளி அமைப்பு காட்டுவதில்லை.

1927இல் ஹைட்லர், லண்டன் ஆகியோர் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொண்டு இணைதிறன் பிணைப்புக் கொள்கைக்கு அடித்தளமிட்டனர். பின்னர் பாலிங் இனக்கலப்புக் கருத்தால் அதனை விரிவாக்கினார். இக்கொள்கையின்படி ஆர்பிட்டால்கள் மேற்பொருந்துவதால் பிணைப்பு உருவாகிறது. அணுக்கருக்களை இணைக்கும் அச்சின் வழியே நேருக்குநேர் மேற்பொருந்தினால் சிக்மா பிணைப்பு உருவாகும். இனக்கலப்பில் பங்கேற்காத பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்தினால் பை பிணைப்பு உருவாகும். பக்கவாட்டு மேற்பொருந்துதலின் அளவு குறைவாதலால் பை பிணைப்பு வலிமை குன்றியது.

சிக்மா பிணைப்பை அச்சாகக் கொண்டு அணுக்கள் எளிதில் சுழலும். பை பிணைப்பு உள்ள இடத்தில் சுழன்றால் மேற்பொருந்துதல் குலைந்து அப்பிணைப்பு முறியும். ஆகவே இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் உள்ள சங்கிலிகள் ஒரே பக்கத்தில் அமைந்தால் சிஸ் வடிவமும், எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் டிரான்ஸ் வடிவமும் நிலைபெறுகின்றன.

சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக், ஒலியிக் அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகள் சிஸ் வடிவமுடையவை. அவ்விடங்களில் சங்கிலி வளைவதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுங்க இயலாது. எண்ணெய் நீர்மமாகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பற்ற நிறைவுற்ற அமிலங்களே. பதினெட்டுக் கார்பன் கொண்ட ஒலியிக் அமிலம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதன் டிரான்ஸ் மாற்றியமோ, அதே அணுக்களைக் கொண்டிருந்தும், ஏறத்தாழ 45 டிகிரியில்தான் உருகுகிறது.

எண்ணெயைப் பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்து வனஸ்பதி தயாரிக்கும்போது சில சிஸ் பிணைப்புகள் டிரான்ஸ் வடிவம் பெறுகின்றன. டிரான்ஸ் கொழுப்பு இதய நோய்க்கு வழிவகுக்கும். எனவே 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் தொழில்முறையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் வரையறுத்துள்ளது. ஒரு பிணைப்பின் இருபுறமும் அணுக்கள் அமையும் முறை, உண்போரின் உடல்நலத்தையும் பாதிக்கிறது என்பதை இதனால் அறியலாம்.