உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் கழுவிய காரில் வெள்ளை வளையம் ஏன் வருகிறது?

திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலில் கார் கழுவிப் பாருங்கள். துணி எடுத்து வருவதற்குள் பொனெற் காய்ந்துவிடும். தண்ணீர்தான் ஆவியாகும், அதில் கரைந்திருந்தவை போகாது. காயும் துளியின் விளிம்பில் அவை வெள்ளை வளையமாகப் படியும்.

துறைமுகப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆனால் உப்புப் படிவு நல்ல தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். பிடிவாதமானது கிணற்று நீரின் சுண்ணாம்பு. நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, துளி சூடேறிக் காயும்போது கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் இதே பொருள்தான். வெறும் தண்ணீர் இதை அசைக்காது.

ஆகவே காலையிலோ மாலையிலோ, நிழலில் கழுவுங்கள். வெயிலைத் தவிர்க்க முடியாவிட்டால், தகடு கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு கூரையிலிருந்து பகுதி பகுதியாகக் கழுவி, ஒரு பகுதியைத் துடைத்த பின்பே அடுத்ததற்குப் போங்கள். மாரியில் பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அதில் கனிமம் மிகக் குறைவு.

படிந்துவிட்டதா? வினாகிரியில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில் மெல்லத் துடைத்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள்.