மாதிரி நிரலும் மறுவழங்கல் உரிமையும்

கணிப்பொறி நூல்களில் விளக்கத்தின் பொருட்டு அச்சிடப்பெறும் நிரற்பகுதியை மாதிரி நிரல் என்பர். பயில்வோர் கையாளுதற்கென்றே தரப்பட்டமையின், அதனைப் பிறர்க்கு வழங்கும் உரிமையும் அவர்க்கு உண்டு எனப் பலர் கருதுவர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். ஆய்வு முடிவோடு அதனைத் தந்த நிரலையும் வெளியிடும் வழக்கம் பெருகி வருதலின், இவ்வினா ஆய்வாளர்க்குப் புறம்பானதன்று.

முதற்கண் ஒரு வேறுபாட்டை உளங்கொளல் வேண்டும். நிரலைத் தாம் பயன்படுத்தும் இசைவு ஒன்று. படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் இசைவு மற்றொன்று. முன்னது தரப்பட்டமையால் பின்னதும் தரப்பட்டதாகாது.

இதற்கு நல்ல சான்று 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' என்னும் நூல். பிரெஸ், பிளானரி, டியூகோல்ஸ்கி, வெட்டர்லிங் என்னும் நால்வர் இயற்றிய இந்நூலைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அச்சகம் 1986இல் வெளியிட்டது. எண்முறைக் கணக்கீடுகளை நிரலோடு விளக்குதலின் அறிவியலார் இதனைப் பெரிதும் போற்றினர். ஆயினும், 2007இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் உரிமம், நூலிலிருந்து 10 நிரற்கூறுகளுக்கு மேற்படாமல் தம் கையால் உள்ளிட்டு, ஒரே கணிப்பொறியில் தாம் மட்டும் பயன்படுத்தவே இசைவளிக்கின்றது. பிறர்க்கு வழங்குதலை மறுக்கின்றது. எனவே, இந்நிரலைத் தம் நிரலுட் சேர்த்த ஆய்வாளர் ஒருவர், தனி இசைவு பெறாமல், அதன் மூலவடிவை முழுதும் வெளியிடல் இயலாது. அவர் முடிவைப் பிறர் சரிபார்த்தலும் அந்த அளவிற்கு அரிதாகின்றது.

அங்ஙனமாயின் நூல் கற்பித்த முறையும் தடைப்பட்டதோ எனின், அன்று. பதிப்புரிமை சொல்வடிவையே காக்கும், கருத்தைக் காவாது. கணக்குப்பதிவு நூலொன்றைப் பற்றிய பேக்கர்–செல்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வேறுபாட்டை வகுத்தது. ஆதலின் முறையைக் கற்றுத் தாமே புதிதாக நிரல் எழுதுவார்க்குத் தடையில்லை. மாறிகளின் பெயரை மட்டும் மாற்றுதல் புதிதாக எழுதுதல் ஆகாது. வரிக்கு வரி வேறு நிரல்மொழியிற் பெயர்த்தலும் நம் இலக்கணிகள் கூறும் வழிநூலை ஒத்ததே. முதனூலார் இசைவு அதற்கும் வேண்டும்.

இனி, மறுதலையான சான்றும் உண்டு. கெர்னிகன், பைக் என்போர் 1999இல் வெளியிட்ட 'தி பிராக்டிஸ் ஆப் புரோகிராமிங்' நூலின் நிரலை எப்பயனுக்கும் கொள்ளலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் நூற்பெயரையும் நீக்காதிருத்தலே நிபந்தனை. எம்ஐடி உரிமமோ, படியெடுத்தல், திருத்துதல், வழங்குதல், விற்றல் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் கூறி இசைகின்றது. 1996இல் தொடங்கப்பெற்ற குனு அறிவியல் நிரலகம், வழங்குவோர் மூலவடிவையும் அதே உரிமத்தோடு தருமாறு பணிக்கின்றது.

ஆகவே, மாதிரி என்னும் பெயர் உரிமை எதனையும் தாராது. உரிமம் யாதும் கூறாதவிடத்து அம்மௌனத்தை இசைவெனக் கொள்ளுதலும் தவறு. வழங்குதல் என்னும் சொல் உரிமத்தில் உளதா, மூலவடிவிற்கும் அது பொருந்துமா, நிபந்தனை யாது என்னும் மூன்றையும் நிரலை ஏற்கும்போதே ஆராய்தல் வேண்டும். ஆய்வு முடிந்து வெளியிடும் காலத்து ஆராயின், எழுதியதனைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுத நேரினும் நேரும்.