கேட்காமல் கிடைத்தது

"கேமராவைப் பார்க்காதீங்க சார்... அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க. மேடம், நீங்க அதைக் கேட்டுச் சிரிங்க!"

இந்தக் குரல் கேட்காத கல்யாண மண்டபம் இப்போது உண்டா? 'டிரெடிஷனல்' போட்டோவுக்கு ஒருவர், 'கேண்டிட்' போட்டோவுக்கு இன்னொருவர் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோம். முதலாமவர் மேடையில் சொந்தபந்தங்களை வரிசையாக நிறுத்தி எடுப்பவர். இரண்டாமவர், நாம் அறியாத நேரத்தில் நம்மை எடுக்க வேண்டியவர். ஆனால் மாப்பிள்ளை என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கும்போது, "ஒண்ணும் தோணலைன்னா 'சாப்பிட்டியா'ன்னு கேளுங்க" என்று வசனம் எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். மூன்றாவது முடிச்சைப் போடப் போகும் நாத்தனாரை, "அக்கா, ஒரு செகண்ட் அப்படியே இருங்க" என்று நிறுத்திவைக்கிறவர்களும் உண்டு.

கேலி செய்வது சுலபம். ஆனால் ஆல்பம் கைக்கு வந்ததும் பாருங்கள். 'சாப்பிட்டியா'வுக்குச் சிரித்த சிரிப்பில் நிஜமான வெட்கம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். தற்செயலாக எடுத்த பத்துப் படங்களில் ஒன்பது, வாயைத் திறந்துகொண்டு பந்தியைப் பார்க்கும் பெரியப்பாவாக இருக்கும். சொல்லி எடுத்தால் பொய், சொல்லாமல் எடுத்தால் மெய் என்ற கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

பாரிஸ் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால், நடைபாதைக் கூட்டத்தின் நடுவே ஒரு ஜோடி முத்தமிடும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1950-ல் 'லைஃப்' பத்திரிகைக்காக ரொபேர் துவானோ எடுத்தது. எண்பதுகளில் போஸ்டராக வந்து உலகம் முழுக்கச் சுவர்களில் ஏறிய பிறகு, 'அது நாங்கள்தான்' என்று ஆட்கள் கிளம்பினார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அப்போதுதான் துவானோ உண்மையைச் சொன்னார். படத்தில் இருப்பவர்கள் நாடகம் படித்த மாணவர்கள். அவர்கள் முத்தமிடுவதைப் பார்த்துவிட்டு, கேமராவுக்காக இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டு எடுத்தது. ரசிகர்களில் பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அவர்கள் அப்போது நிஜக் காதலர்கள். அதோடு, பின்னால் பெரே தொப்பியும் கழுத்துப்பட்டையுமாக ஒருவர் தன்பாட்டுக்கு வருகிறாரே, அவரை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அவரைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், படம் சினிமா ஸ்டில்லாகிவிடும்.

படத்தில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்தத் தொப்பிக்காரரைத்தான் காட்டுவேன். போட்டோகிராபர் கேட்காமலே அவருக்குக் கிடைத்தவர்.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1946-ல் அதே 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் பர்க் ஒயிட் என்ற அமெரிக்கப் பெண்மணி காந்தியைப் படமெடுக்கப் புனேவுக்குப் போனார். ராட்டையோடு காந்தி வேண்டும் என்றார். உங்களுக்கு நூற்கத் தெரியுமா என்று கேட்டார் காந்தியின் செயலாளர். தெரியாது. அப்படியானால் முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நூல் அறுந்து அறுந்து போக, ஒருவழியாகக் கற்றுக்கொண்டு வந்தார். நிபந்தனை அதோடு முடியவில்லை. அன்று மௌன விரத நாள், காந்தியிடம் பேசக் கூடாது. அவருக்குக் கண் கூசும், அதனால் மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மேல் அனுமதியில்லை. முதல் இரண்டும் சொதப்பி, மூன்றாவதுதான் கைகொடுத்தது என்று பர்க் ஒயிட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைவிடத் திட்டமிட்டு ஒரு படத்தை எடுக்க முடியாது. ஆனால் படத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். முன்னால் பெரிதாக, இருட்டாக ராட்டை நிற்கிறது. பின்னால் தரையில் மேல்சட்டை இல்லாமல் காந்தி. அவர் நூற்கவில்லை! குனிந்து, மூக்குக் கண்ணாடி வழியே கையிலிருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். எதிரில் நிற்கும் கேமராவோ, அது வெட்டப்போகும் வெளிச்சமோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ராட்டையைக் கேட்டுப் போனவருக்கு ராட்டை கிடைத்தது. அந்தப் படிப்பு, அந்த அக்கறையின்மை, அவை கேட்டு வாங்கியவை அல்ல. 'லைஃப்' அந்தப் படத்தை முதலில் சின்னதாகத்தான் வெளியிட்டது. பெரிய இடம் கொடுத்தது காந்தி கொல்லப்பட்ட பிறகு.

அந்த 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் இரண்டு புகழ்பெற்ற போட்டோகிராபர்கள் இருந்தார்கள். பர்க் ஒயிட் ஒருவர். மற்றவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன். கையடக்க லைக்கா கேமராவோடு, ஃபிளாஷ் இல்லாமல், யாரையும் நிற்கச் சொல்லாமல் எடுப்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். இருவரும் காந்தி சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அவரைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார்கள். செய்தி கேட்டு இருவரும் பிர்லா மாளிகைக்கு ஓடினார்கள். பர்க் ஒயிட் கேமராவை மறைத்து எடுத்துக்கொண்டு, உடல் கிடத்தியிருந்த அறைக்குள் போய் ஃபிளாஷ் அடித்துவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிலிமைப் பறிகொடுத்து வெளியேற வேண்டியதாயிற்று. கார்த்தியே-பிரெஸோனுக்கோ, மாளிகையின் கேட்டருகே உயரத்தில் நின்று நேரு கூட்டத்துக்குச் செய்தியைச் சொல்லும் படம் கிடைத்தது. விளக்கு வெளிச்சம் போதாமல் கலங்கலான படம். கூர்மையாக விழுந்திருந்தால் இந்த அளவுக்குப் பதறவைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தற்செயல் ஜெயித்தது, ஏற்பாடு தோற்றது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. அன்றிரவு பர்க் ஒயிட் தேடியதும் ஏற்பாடில்லாத படத்தைத்தான். நூற்கக் கற்றுக்கொண்டு, மூன்று பல்புக்குக் கட்டுப்பட்டு எடுத்த படம் இன்றும் நிற்கிறது. யாரையும் கேட்காமல் ஒளித்து எடுத்தது உருப்படவில்லை. காந்திக்கு நிபந்தனை போட முடிந்தது. அந்த நிபந்தனைதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன்.

நிபந்தனை போட வழியில்லாதவர்கள்? 1947-ல் பிரிவினை அகதிகளின் நடைப்பயணத்தையும் பர்க் ஒயிட் எடுத்தார். நல்ல கோணம் கிடைப்பதற்காக அந்த மக்களைத் திரும்பத் திரும்ப நடக்கச் சொன்னார் என்று, உடன் போன 'லைஃப்' நிருபர் லீ ஐட்டிங்கன் பின்னாளில் கசப்போடு சொல்லியிருக்கிறார். பசியும் பயமுமாக இருந்தவர்கள் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்கள்? காவியம் போன்ற படங்கள்தான். இந்தச் சங்கதி தெரிந்த பிறகு என்னால் அவற்றைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அந்த நாடக மாணவர்களிடம் துவானோ இன்னொரு முத்தம் கேட்டதும் இதுவும் ஒன்றல்ல. அவர்கள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

கார்த்தியே-பிரெஸோன் 1950 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்கள். புற்றுநோயால் உடல் உருகிப்போயிருந்த ரமணரை அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மலையை நோக்கி நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரை எடுத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கேமரா முன்னால் வராதவர் அரவிந்தர். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓடுகிறவனையும் தாவுகிறவனையும் பிடித்துப் பேர் வாங்கிய மனிதருக்கு, பிடிப்பதற்கு ஓர் அசைவுகூடக் கிடைக்கவில்லை. பழைய காலத்து ஸ்டூடியோக்காரர் போலத்தான் அவரும் எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் ரமணர் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் முகம் கார்த்தியே-பிரெஸோன் எடுத்ததல்ல. அது நாற்பதுகளில் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. வெள்ளைத் தாடி, லேசான சிரிப்பு, நேரே நம்மைப் பார்க்கும் கண்கள். பூஜையறைகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும், புத்தக அட்டைகளில் வருவதும் பெரும்பாலும் இதுதான். உட்காரவைத்து, விளக்கும் லென்ஸும் சரிபார்த்து எடுத்த அப்பட்டமான போர்ட்ரெய்ட். மறைந்திருந்து எடுத்ததாக அது பாவனைகூடச் செய்யவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் யோசிக்காமல் வெல்லிங் படத்தை எடுத்துக்கொள்வேன். பிரெஞ்சுக்காரரின் படத்தில் ஒரு மரணத்துக்கு நான் சாட்சியாக நிற்கிறேன். வெல்லிங் படத்தில் அவர் என்னைப் பார்க்கிறார்.